மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். கடலூரில் என் மகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் கணக்கில் மோசம் என்று பேசுபவர்கள், அங்கே யார் படிக்கிறார்கள் என்று முதலில் பார்க்கட்டும். விடியற்காலையில் அம்மா துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போய்விடுவதால் தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்பிவிட்டு வரும் சிறுமி, அப்புறம் சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன், அவனுக்கு வீட்டில் இந்தி, வகுப்பில் தமிழில் பின்னக் கணக்கு. இவர்களை டியூஷன் போகிற பிள்ளையோடு எடைபோடுவது என்ன நியாயம்? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரை அறிவியல், கணக்குக்கென்று ஒரு ஆசிரியர் கட்டாயம். இங்கே தமிழாசிரியர்தான் கணக்கும் எடுக்கிறார், பாவம். காலிப் பணியிடத்தை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பாவது நிரப்புங்கள்.

ஒரு பெற்றோர், கடலூர் முதுநகர்