மேசைக்கு அடியில் ஒளிந்த கணவன்

பாரிஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். அத்தானுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் வேலை முடிந்து வருவதற்குள் நள்ளிரவு ஆகிவிட்டதைப் போலத் தோன்றுகிறது.

ஆணும் பெண்ணும் மயங்குவதும் மயக்குவதுமான கதைகளை இங்கே பள்ளிக்கூடத்திலேயே பாடமாக வைக்கிறார்களாமே, பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு நீ ஒன்றும் கேட்பதில்லையா என்று எழுதியிருந்தீர்கள். வைக்கிறார்கள் என்பது உண்மைதான். உங்கள் மருமகள் கலாவுக்கு இவ்வாண்டு, பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் 'தார்த்யூஃப்' நாடகம் பாடம். வகுப்பில் வேலைக்காரி தோரீனின் வேடம் அவளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவள் வீட்டில் உரக்கப் படிப்பதைக் கேட்டு நானும் அந்த நாடகத்தையும் வேறு சிலவற்றையும் படித்தேன். பெண்ணை வசப்படுத்த வருகிறவன் ஊர்க் கட்டுப்பாட்டை மீறிக்கொண்டு வருவான் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். ஆனால், ஊர் எதைக் கண்டு கைகூப்புகிறதோ அதையே முன்னால் பிடித்துக்கொண்டு அவன் தலைவாசல் வழியாகவே நுழைகிறான்.

தார்த்யூஃப் பக்திமான் வேடத்தில் ஓர்கோன் என்ற செல்வந்தரின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறான். தோரீனின் மார்பைக் கண்டால் தீய எண்ணம் வரும் என்று சொல்லி, மூடிக்கொள்ளும்படி கைக்குட்டையை நீட்டுகிறான். அடுத்த காட்சியிலேயே, ஓர்கோனின் மனைவி எல்மீரிடம், பக்தனானாலும் நானும் ஆண்தானே என்கிறான். மகன் இதை ஒளிந்திருந்து கேட்டுத் தந்தையிடம் சொல்ல, அவரோ மகனை வீட்டைவிட்டுத் துரத்திச் சொத்தைத் தார்த்யூஃபுக்கு எழுதி வைக்கிறார். மகள் மரியானையும் அவனுக்கே மணமுடித்துத் தரத் துடிக்கிறார். இத்தனைக்கும், இப்படிப்பட்ட பேச்சுகளைச் சிரித்து ஒதுக்கிவிட வேண்டும், அதற்காகக் கணவனின் நிம்மதியைக் கெடுக்கக் கூடாது என்பதுதான் எல்மீரின் கொள்கை. வேறு வழியில்லாமல் போனபோதுதான் அவள் கணவரை மேசைக்கு அடியில் ஒளியவைத்து, தார்த்யூஃபை அழைத்து, தானும் இணங்குவதுபோல் பேசுகிறாள். வெளியே தெரிந்து ஊர் பேசினால்தான் குற்றம், சத்தமில்லாமல் செய்தால் பாவமே இல்லை என்று அவன் அவளுக்கு ஆறுதல் சொல்கிறான். அவள் இருமுகிறாள், மேலும் இருமுகிறாள்; கணவர் எழுந்து வருவதாக இல்லை. நாங்கள் அரங்கில் பார்த்தபோது எல்லாரும் சிரித்தார்கள், கலா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பெண் இந்த அளவுக்குப் போய் நிரூபித்தால்தான் அவள் சொல் எடுபடுமா என்று மெட்ரோவில் வரும்போது கேட்டாள். அரசரின் அதிகாரி வந்து தார்த்யூஃபைக் கைது செய்ய, அரசரின் புகழோடு நாடகம் முடிகிறது. அந்த முடிவு எனக்கு ஒட்டவில்லை.

1664 மே மாதம் வெர்சாய் அரண்மனை விழாவில் இந்நாடகத்தைக் கண்டு மகிழ்ந்த பதினான்காம் லூயி மன்னரே, மதப்பற்றாளர்களின் எதிர்ப்புக்கு இணங்கி, பொதுமக்கள்முன் நடிக்கக் கூடாதென்று தடுத்துவிட்டார். 1667 இல் பெயரையும் வேடத்தையும் மாற்றிப் போட்டபோது ஒரே ஒரு முறை நடித்ததோடு அதுவும் தடைப்பட்டது. பாரிஸ் பேராயர், அதைப் படிப்பவரையும் கேட்பவரையும்கூடத் திருச்சபையிலிருந்து விலக்குவதாக எச்சரித்தார். அனுமதி கிடைத்தது 1669 பிப்ரவரியில்தான். அவர்கள் அஞ்சியது ஆசையைக் கண்டு அன்று, ஜெபமாலையின் மறைவில் ஆசை நிற்பதை மேடையில் காட்டியதைக் கண்டுதான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தடைக்கு நடுவே 1665 இல் மொலியேர் 'தொன் ஜுவான்' எழுதினார். அதில் வரும் பிரபு, திருமணம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பெண்களை ஏமாற்றுகிறான். கிராமத்துப் பெண்கள் இருவர் தன் இரு பக்கமும் நிற்க, உன்னைத்தான் மணப்பேன், அவள் பித்துப்பிடித்துப் பேசுகிறாள் என்று இருவர் காதிலும் மாறி மாறி ஓதுகிறான். கன்னிமடத்திலிருந்து எல்வீரைக் கவர்ந்து மணந்தவனும் அவனே. அவளைக் கைவிடும்போது, கடவுளுக்கு உரியவளைக் கொண்டுவந்தது பாவமல்லவா, அதனால்தான் விலகுகிறேன் என்கிறான்! சேர்வதற்குத் திருமணம், பிரிவதற்குத் தெய்வம்.

நூறாண்டு கழித்து பொமார்ஷே எழுதிய 'ஃபிகாரோவின் திருமணம்' நாடகத்தில், பிரபு தன் பணியாளனின் மணப்பெண்ணை விரும்புகிறார். அவர் கையில் இருப்பது பரம்பரை அதிகாரம். பதினாறாம் லூயி தடுத்தும், 1784 இல் அது மேடையேறிவிட்டது.

என்னை உலுக்கியது, மொலியேரின் காலத்து நாடகாசிரியர் ரசீனின் 'ஃபேத்ர்' (1677). அரசியான ஃபேத்ர், கணவனின் மூத்த தாரத்து மகன் இப்போலித் மீது ஆசை கொண்டு உள்ளுக்குள் வெந்துபோகிறாள். அவளிடம் ஜெபமாலையும் இல்லை, கொடுக்கத் திருமண வாக்குறுதியும் இல்லை, ஆகவே அவளால் யாரையும் மயக்க முடிவதில்லை. கணவன் இறந்துவிட்டான் என்று பொய்ச் செய்தி வந்ததும், இனி இது தகாத ஆசை ஆகாது என்று செவிலி தைரியம் கொடுக்க, வாய் திறந்து சொல்லிவிடுகிறாள். கணவன் உயிரோடு திரும்பி வருகிறான். செவிலியின் பொய்ப்பழியால் இப்போலித் சாகிறான். ஃபேத்ர் உண்மையை ஒப்புக்கொண்டு நஞ்சுண்டு இறக்கிறாள். தொன் ஜுவான் நாடகம் முழுவதும் செய்வதில் ஒன்றைக்கூட அவள் செய்யவில்லை. சொல்ல மட்டும்தான் செய்தாள்.

கொமெடி ஃபிரான்சேஸ் அரங்கில் மொலியேர் கடைசியாக அமர்ந்து நடித்த நாற்காலியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1673 பிப்ரவரியில் நடித்த அன்றிரவே அவர் இறந்துபோனார். நடிகர் தொழிலைத் துறப்பதாகச் சொல்லாமலே இறந்ததால், திருச்சபை முறைப்படி அடக்கம் செய்ய மறுத்தது. மனைவி அரசரிடம் முறையிட்டபிறகு, ஆரவாரம் இல்லாமல் இரவில் புதைக்க அனுமதித்தார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான், அக்கா. பிள்ளையிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பில் ஆசிரியை, ஓர்கோனை ஏமாளி என்பதா குற்றவாளி என்பதா என்று எழுதி வரச் சொன்னாராம். உங்கள் மருமகள் மூன்று பக்கம் எழுதி, குற்றவாளி என்று முடித்திருக்கிறாள். ஏமாந்ததற்காக அன்று, மனைவி இருமியும் எழுந்து வராததற்காக என்று காரணமும் காட்டியிருக்கிறாள். கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்களே அவளிடம் வாதாடிப் பாருங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புள்ள தம்பி