‘சான்று’ என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சான்று அடிப்படையிலான நீர்ச் சிகிச்சைக்கான பன்னாட்டு மாநாட்டைப் பற்றித் தங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோயாளியை வெதுவெதுப்பான நீருள்ள குளத்தில் இறக்கிப் பயிற்சி தரும், இயன்முறை மருத்துவத்தின் சிறு கிளையான இத்துறைக்குத் தமிழ் இதழொன்று இரண்டு பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சி தந்தது. ஆனால் மாநாட்டின் பெயரிலேயே முன்னால் நிற்கும் ‘சான்று அடிப்படையிலான’ என்ற அடைமொழியைத் தலைப்பிலேயே உதிர்த்துவிட்டு, மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை எல்லாவற்றுக்கும் தண்ணீரே மருந்து என்ற தொனியில் கட்டுரை முடிந்திருப்பதைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. வளைகுடா நாடொன்றின் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் சிகிச்சைக் குளத்துக்குள் நின்று வேலை பார்த்தவன், இப்போது திருச்சியில் சிறிய அளவில் பிசியோதெரபி மையம் நடத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2015-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரிலும் 2018-இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸிலும் நடந்த இந்த மாநாட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீரின் புகழ் பாட வருவதில்லை. வெதுவெதுப்பான நீரில் இறங்கினால் சுகமாக இருக்கும் என்பதைச் சொல்ல மாநாடு தேவையில்லை. அந்தச் சுகம் கரையேறிய பிறகும் நிற்கிறதா, நின்றால் எத்தனை நாள், தரையில் செய்யும் பயிற்சியைவிட அது மேலானதா என்பவையே அங்கே கேட்கப்படும் கேள்விகள். கட்டுரை இதைப் புதிய சிகிச்சை என்கிறது, புதிதல்ல. அமெரிக்க அதிபராவதற்கு முன்பே, இளம்பிள்ளை வாதம் என்று கண்டறியப்பட்டுக் கால்கள் செயலிழந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1924-இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றுக்குப் போனார். தரையில் நிற்க முடியாத கால்கள் நீரில் அசைவதைக் கண்ட உற்சாகத்தில் 1926-இல் அந்த இடத்தையே விலைக்கு வாங்கினார். 1945-இல் அவர் இறந்ததும் அங்கேதான். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும் அவரால் பிறர் துணையோ கால் தாங்கியோ இல்லாமல் நடக்க முடிந்ததில்லை. அவருக்கு நீர் தந்த தெம்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெம்பு வேறு, சான்று வேறு.

சான்று என்ன சொல்கிறது? முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் குறித்துக் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன் 2016-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 13 ஆய்வுகளில் பங்கேற்ற 1,190 பேரின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வலியை 100 புள்ளி அளவுகோலில் குறித்தால், நீர்ப் பயிற்சி செய்தவர்களுக்கு மற்றவர்களைவிடச் சுமார் 5 புள்ளி குறைந்திருந்தது. அதுவும் பயிற்சி முடிந்த கையோடு அளந்தபோது. பலன் உண்டு, ஆனால் சிறியது, குறுகிய காலத்துக்கானது. பக்கவாதத்தின் நிலை இன்னும் மெலிவு: 2011-இல் வந்த காக்ரேன் தொகுப்புக்குக் கிடைத்தவை 4 ஆய்வுகள், 94 நோயாளிகள், பயன் உண்டென்றோ இல்லையென்றோ உறுதியாகச் சொல்ல அவை போதவில்லை. தங்கள் கட்டுரையோ பக்கவாதத்தைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

இத்துறையில் ஆய்வு செய்வதே சிக்கலானது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். மருந்து ஆய்வில் ஒரு சாராருக்கு வெற்று மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். குளத்தில் இறங்கியவரிடம் நீங்கள் இறங்கவில்லை என்று நம்பவைக்க எந்த ஆய்வாளராலும் ஆகாது. இன்னொரு சிக்கல் அளவு. மாத்திரைக்கு மில்லிகிராம் உண்டு. நீருக்கு ஆழம், வெப்பநிலை, அசைவின் வேகம் மூன்றும் சேர்ந்ததே அளவு. கையை வீசும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நீர் காட்டும் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. மார்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சுமக்கின்றன. இடுப்பளவுக்கு வந்தால் பாதியைச் சுமக்க வேண்டும். எனவே ‘தண்ணீரில் அரை மணி நேரம் பயிற்சி’ என்று மட்டும் எழுதிய ஆய்வு, ‘ஏதோ ஒரு மாத்திரை, காலையும் மாலையும்’ என்று எழுதிய மருந்துச் சீட்டுக்குச் சமம்.

‘பக்கவிளைவே இல்லை, எல்லோருக்கும் ஏற்றது’ என்ற வரியைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. 1.2 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 88 மில்லிமீட்டர் பாதரசம். சாதாரண இரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணைவிட அது அதிகம். வீங்கிய கணுக்கால் நீரில் வடிவது அதனால்தான். ஆனால் அதே அழுத்தம், கழுத்தளவு நீரில் நிற்பவரின் கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் சுமார் 700 மில்லி இரத்தத்தை மார்புக்குள் தள்ளுகிறது. நல்ல இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே தளர்ந்த இதயம் திணறும். ஆறாத புண், கட்டுக்குள் வராத வலிப்பு, சிறுநீர் மலக் கட்டுப்பாடின்மை ஆகியவை உள்ளவர்களையும் நாங்கள் குளத்தில் இறக்குவதில்லை.

கட்டுரை வந்த பத்தாம் நாள், அறுபது கடந்த ஓர் அம்மாள் அந்தப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகன் குடியிருக்கும் அடுக்ககத்தின் நீச்சல் குளத்தில் விடியற்காலையில் சுடிதாரோடு இறங்கியிருக்கிறார். சிகிச்சைக் குளத்து நீரைப் பெரும்பாலும் 33 முதல் 35 டிகிரி செல்சியஸில் வைப்போம். நீச்சல் குளத்தில் அவ்வளவு சூடு இருக்காது. கால் மணி நேரத்தில் உதறலெடுத்து, கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. அதைவிட மோசம் கரையேறியதுதான். அங்கே சாய்தளமும் இல்லை, அகலப் படியும் இல்லை. செங்குத்தான குழாய் ஏணி மட்டுமே. நீருக்குள் பஞ்சுபோல் இருந்த உடம்பின் முழு எடையும், ஈரச் சுடிதாரின் கனமும் சேர்ந்து ஒவ்வொரு படியிலும் அந்த முழங்கால்களில் இறங்கியிருக்கின்றன. “தண்ணிக்குள்ள வலியே தெரியலைங்க, ஏறும்போதுதான் உயிர் போயிருச்சு” என்றார். சிகிச்சைக் குளத்தில் சாய்தளமும் கைப்பிடியும் தூக்கி இறக்கும் நாற்காலியும் எதற்காக இருக்கின்றன என்பதை ஒரு பத்தியில் தாங்கள் எழுதியிருந்தால் அவர் ஏணியில் ஏறியிருக்க மாட்டார்.

இனி இத்துறை பற்றி எழுதும்போது நீரின் வெப்பநிலை, ஆழம், யார் இறங்கக் கூடாது என்ற மூன்றையும் கட்டாயம் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பக்கவாதம் குறித்த வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட்டால் நல்லது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருப்பவர் இந்த ஒரு அம்மாள் மட்டுமாக இருக்க மாட்டார்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.