ஐந்து மாறிவிட்டன, ஒன்று மாறவில்லை

அன்பு நண்பா,

இங்கே நலம். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்ததா?

தண்டையார்பேட்டை மாடி வகுப்பில் ஆறு கணினிகளையும் டெபியன் என்ற இலவச இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்புக்கு மாற்றியாயிற்றா என்று போனில் கேட்டாய். ஐந்து முடிந்தது.

மூன்றில் பழைய 12-ஆம் பதிப்பின் மேலேயே மேம்படுத்தினேன். மென்பொருள் பேக்கேஜ்களை எங்கிருந்து இறக்குவது என்ற பட்டியலில், 12-இன் பெயரான புக்வார்ம் என்றிருந்ததை 13-இன் பெயரான ட்ரிக்சி என்று மாற்றி, மேம்படுத்தும் கட்டளையைக் கொடுத்தால் போதும். ஒரு கணினியில், இறக்கியதைச் சேமித்து மற்றவற்றுக்கும் தரும் ஆப்ட்-கேச்சர் போட்டுவிட்டதால் பேக்கேஜ்களை ஒருமுறை இறக்கியதே எல்லாவற்றுக்கும் உதவியது. மூன்றாவதில் பாதி வேலையில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரியும் தாங்கவில்லை. வயிறு கலங்கிவிட்டது, போ! கரண்ட் வந்ததும் கறுப்புத் திரைதான் வந்தது. அதிலேயே நுழைந்து, மிச்சத்தை முடிக்கச் சொல்லி, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி-க்குக் கட்டளை கொடுத்தேன். ஒவ்வொன்றாக எல்லாம் இடத்தில் போய் உட்கார்ந்தது. டெபியனை உருவாக்கியவர்கள்மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

மற்ற இரண்டில் கண்ட இடத்துப் பேக்கேஜ்களும் சேர்ந்து குழம்பிக் கிடந்தன. அழித்துப் புதிதாகவே நிறுவினேன். பிள்ளைகளின் கோப்புகள் இருக்கும் ஹோமை வட்டில் தனிப் பார்ட்டிஷனாக, அதாவது தனிப் பகுதியாக வை என்று அன்றைக்கு நீ பிடிவாதம் பிடித்தாயே, அதுதான் காப்பாற்றியது. இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதியை மட்டும் அழித்தேன். ஹோமுக்கு ஃபார்மட் விழவில்லையே என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பிள்ளைகள் தட்டிவைத்த கதைகளும் வரைந்த படங்களும் அப்படியே இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையை மட்டும், தட்டச்சு மொழிகளைக் கவனிக்கும் ஐபஸில் மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது.

ஆறாவது, நாம் இருவரும் காசு சேர்த்து ரிச்சி தெருவில் வாங்கிய அந்தப் பென்டியம் 4. அது பழைய 32 பிட் வகைச் செயலி. 2025 ஆகஸ்டில் வந்த 13-இல் 32 பிட் கணினிக்கு நிறுவியும் இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் இல்லை, 12-தான் கடைசி. அதனால் 12-லேயே விட்டு, நெட் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் அதில்தான் தமிழ்99 பழகுகிறார்கள். எடைக்குப் போடச் சொல்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? திறந்து தூசி தட்டி, கத்துகிற மின்விசிறியையும் சேர்ந்தே மாற்றுவோம். உன் பரணில் பழைய டிடிஆர் 1 ராம் இருந்தால் எடுத்து வா. இப்போது 512 எம்பி-யில்தான் ஓடுகிறது.

அன்புடன்,
உன் தண்டையார்பேட்டை நண்பன்