சதுரங்கப் பலகையின் எண்ணும் கடைசி ஐந்து பூச்சியங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில், சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஓர் அரிசிமணியும் அடுத்தடுத்த கட்டங்களில் முன்னையதன் இருமடங்குமாக வைத்துக்கொண்டு போனால், 64 கட்டங்களிலும் சேரும் மணிகளின் தொகை 18,446,744,073,709,600,000 என்று அச்சாகியிருந்தது. சரியான தொகை 18,446,744,073,709,551,615 ஆகும். பதினைந்து இலக்கங்களுக்கு மேல் காட்டாத விரிதாள் மென்பொருள் ஒன்று மட்டந்தட்டித் தந்த விடையை அப்படியே எடுத்துவிட்டார்கள் போலும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 48,385 மணிகள். அரிசியை நிறுத்துப் பார்ப்பவருக்கு அது ஏறத்தாழ ஒரு கிலோதான். ஆனால் பத்தாம் தரத்தில் படிக்கும் என் பேத்தி, அச்சான எண்ணின் இலக்கங்களைக் கூட்டி 70 என்று கண்டு, "இது மூன்றால் வகுபடாதே, அம்மம்மா" என்றாள். சரியான தொகை மூன்றால் வகுபட வேண்டியது. ஆகவே அவள் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி.

இத்தொகை, 2 இன் 64 ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்க வருவது. 2 இன் வலுக்களின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்றே சுழன்று வரும். 64 நான்கின் மடங்காகையால் 64 ஆம் வலு 6 இல் முடியும், ஒன்றைக் கழித்தால் 5 இல் முடியும். பூச்சியத்தில் முடியவே முடியாது. மேலும், சாதாரண தரத்தில் கற்பிக்கப்படும் இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற முறையைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 என ஆறு காரணிகள் வரிசையாக வந்து நிற்கும். முதல் ஐந்தும் முதன்மை எண்கள். ஆறாவதும் அவ்வாறே இருக்கும் என்று பதினேழாம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா கருதினார். 641 அதனை வகுக்கிறது என்று 1732 இல் கணிதவியலாளர் ஒயிலர் காட்டினார். 640 என்பது 5 ஐ 2 இன் ஏழாம் வலுவால் பெருக்க வருவது. 641 என்பது 5 இன் நான்காம் வலுவையும் 2 இன் நான்காம் வலுவையும் கூட்ட வருவது. இவ்விரண்டு உண்மைகளைக் கொண்டே, நீண்ட வகுத்தல் எதுவுமின்றி, அந்த வகுபடுதன்மையைச் சில வரிகளில் நிறுவிவிடலாம். கரும்பலகையில் அதை எழுதி முடித்த ஒவ்வொரு முறையும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

அந்த ஆறாவது எண்ணை 641 ஆல் வகுக்கக் கிடைக்கும் மற்றைய காரணி 6,700,417. அதுவும் முதன்மை எண்ணே. ஆக, ஏழு வெவ்வேறு முதன்மை எண்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை பெருகி உண்டான இந்த எண்ணுக்கு 128 காரணிகள் உண்டு. தாங்கள் அச்சிட்டதோ ஓர் இரட்டை எண். அதில் மூன்று காரணியாகவே இல்லை.

"ஏறத்தாழ" என்ற ஒரு சொல் சேர்ந்திருந்தால் இக்கடிதத்துக்குத் தேவையே இருந்திராது. அடுத்த வாரம் அதே பகுதியில் எண்ணை இருபது இலக்கங்களுடனும் முழுமையாக வெளியிட்டு, கடைசி இலக்கத்தைச் சரிபார்க்கும் வழியையும் சேர்த்துத் தருமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.