ஈரப் புத்தகம் பிரித்த அக்காவுக்கு நன்றி

சிந்துபூந்துறைக்காரர்களுக்கும் படிப்பு வட்டத் தோழர்களுக்கும் வணக்கம்.

தாமிரபரணி வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறுக்குத்துறை முருகன் கோயிலே மூழ்கிக் கிடந்தபோது நம் படிப்பகம் எம்மாத்திரம்? இருந்தும் புத்தகங்களில் பாதிக்கு மேல் தப்பிவிட்டது. உடம்பு அலுப்புத் தீருமுன்னே நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

சேறு அள்ளிய கல்லூரிப் பையன்கள், மொட்டைமாடியைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர், கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர் தந்த கடைக்கார அண்ணாச்சி, வேளை தவறாமல் சோறு அனுப்பியவர்கள், எல்லோருக்கும் கும்பிடு. ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பின்தெருவில் பீடி சுற்றுகிற அக்கா. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் எங்களுக்கு உதவ வந்தவரே அல்ல. நனைந்த பாயைக் காயப்போட மாடிக்கு வந்தவர், நாங்கள் ஈரப் புத்தகத்தை நெம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டார். “ஐயோ அண்ணாச்சி, இப்படிப் பிய்ச்சா ஒண்ணும் மிஞ்சாது. தள்ளுங்க.”

பீடி இலையை நனைத்துச் சாக்கில் சுற்றிவைத்துப் பதம் பார்க்கிற கை அது. சொட்டச் சொட்ட இருந்த தாளை அவர் தொடவே இல்லை. ஓரம் லேசாக உலர்ந்ததும் கட்டைவிரல் நகத்தால் மூலையைத் தூக்கி, பேப்பர் துண்டைச் செருகி, அப்புறம் அடுத்த தாள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பாளையங்கோட்டையிலிருந்து நடத்திய ‘ஆராய்ச்சி’ இதழ்கள் செங்கல் போல ஒட்டிக் கிடந்தன. இன்று அவற்றில் பெரும்பாலானவற்றை வாசிக்க முடிகிறது.

மார்க்ஸின் 1844 கையெழுத்துப்படிகள் கைக்கு வந்தபோது, “இது என்ன கத?” என்று கேட்டார். பக்கத்திலிருந்த பையன் சொன்னான்: பாரிஸில் இளவயதில் எழுதியது, எழுதியவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை, 1932இல்தான் முழுசாக வெளிவந்தது. உழைக்கிறவனுக்கு அவன் உழைப்பும் அதில் விளைந்ததும் அந்நியமாகிப் போவதைப் பற்றியது.

“இதுக்கு புஸ்தகம் வேற போட்டிருக்கா? நான் சுத்துன பீடியக் கடையில குடுத்தா, எங் கண்ணு முன்னாலயே கழிச்சு ஒதுக்குவாங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க முடியாது.” சொல்லிக்கொண்டே அடுத்த தாளைப் பிரித்தார்.

இளம் மார்க்ஸ் வேறு, முதிர்ந்த மார்க்ஸ் வேறு என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி அல்தூஸர் கட்சியும், இல்லை, பின்னாளில் எழுதிய ‘மூலதனம்’ வரைக்கும் ஓடுவது அதே மனிதக் கவலைதான் என்ற உளவியலாளர் எரிக் ஃப்ரோம் கட்சியுமாக நாம் எத்தனை ராத்திரி மல்லுக்கட்டியிருக்கிறோம்! நான் எப்போதும் ஃப்ரோம் பக்கம்தான். ஆலை முதலாளி கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறினால் மட்டும் மனிதன் விடுதலையாகிவிட மாட்டான் என்று, ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கிக்குச் செயலாளராக இருந்த ராயா துனயேவ்ஸ்கயா 1950களிலேயே வாதாடினார். வேலை செய்கிறவருக்கு அந்த வேலையில் சொல்லுரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அன்று மாடியில் அக்கா சொன்னபடிதான் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

இதற்காக அதைப் புரட்சி என்று சொல்லிவிடாதீர்கள். அக்காவுக்கு அன்றைய பீடிக்கூலி போயிற்று. கொடுத்தோம், வாங்கவில்லை. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, வாங்கியிருக்க வேண்டும்.

கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடிப் பட்டறைகளில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றும் வழக்கம் இருந்தது. தை பிறந்ததும் நம் ஞாயிறு வாசிப்பு பின்தெருத் திண்ணைக்கு மாறுகிறது. அவர்கள் சுற்றட்டும், நாம் முறைவைத்து வாசிப்போம். புரியவில்லை என்று அங்கே யார் சொன்னாலும் வாசிக்கிறவர் நிறுத்தி விளக்க வேண்டும். இது அக்கா போட்ட நிபந்தனை. முதல் முறை என்னுடையது.

இரவல் புத்தகம் வைத்திருப்பவர்கள் இப்போதைக்குத் திருப்பித் தர வேண்டாம். பீரோ இன்னும் காயவில்லை.