பின்பாதிச் செய்தி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் நடக்கத் தொடங்கியதில் எனக்குப் பெரிய நிம்மதி. மாத்திரையை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பேத்தி எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்.

செய்தித்தாளையே நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். விடிந்ததும் கொலையும் விபத்தும் படித்து மனசு கசந்துபோகிறது, நல்லதும் நாலு போட்டால் என்ன என்ற உன் ஆதங்கம் எனக்கும் உண்டு.

ஆனாலும் கெட்ட செய்தியைக் குறைக்கச் சொல்ல மனம் வரவில்லை. அண்டார்டிகாவுக்கு மேலே, வெயிலின் கெட்ட கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தில் ஓட்டை என்று 1985இல் விஞ்ஞானிகள் சொன்னது நினைவிருக்கிறதா? பத்திரிகைகள் உரக்கச் சொல்லின, உலகம் பயந்தது. படலத்தை அரிக்கும் வாயுக்களை நிறுத்த 1987இலேயே நாடுகளுக்கிடையே மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்ப்ரேயிலும் இருந்த கேடான வாயுக்களை ஏறத்தாழ முழுவதுமாக ஒழித்துவிட்டார்கள். 2066 வாக்கில் அண்டார்டிகா மேலேயும் படலம் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று 2023இல் ஐ.நா. வல்லுநர் குழு அறிவித்தது. இந்தப் பின்பாதி எத்தனை பேருக்குத் தெரியும்? ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது என்றுதான் இன்னும் பலர் நம்புகிறார்கள். என் கோபமெல்லாம் இதில்தான். முன்பாதியைச் சொல்லிப் பயமுறுத்தியவர்களுக்குப் பின்பாதியைச் சொல்லும் கடமை இல்லையா?

கெட்டது ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. நல்லதுக்குத் தேதி கிடையாது. 1990இல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் உலகம் முழுக்க 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2022இல் 49 லட்சம். தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று ஊர் ஊராக நடந்த வேலை இது. எந்த நாள் தாளில் இதைத் தலைப்பாகப் போடுவது? மீதி 49 லட்சத்தையும் மறைக்கக் கூடாது, பார்.

'நல்ல செய்தி'க்கென்று தனிப் பக்கம் ஒதுக்கினால் அமைச்சர் நாடா வெட்டும் படம்தான் அதை நிரப்பும். அது வேண்டாம். ஒரு நோய் குறைந்ததா? யார் குறைத்தார்கள், எவ்வளவு செலவு, எங்கே பலிக்கவில்லை என்று, ஊழலைத் துருவுகிற அதே கறாரோடு நிருபர் துருவட்டும்.

நான் படிக்கும் பத்திரிகையின் ஆசிரியருக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். பழைய தலைப்புச் செய்திகளில் மாதம் ஒன்றை எடுத்து, பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீ வாங்கிக்கொண்டிருந்த பத்திரிகைக்கு நீயும் எழுது. ஏன் நிறுத்தினாய் என்பதையும் அதில் சொல்.

அன்புடன்,
ரங்கன்