மேற்குச் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நம் செம்புராங்கல் குழியை மண்ணடித்து நிரப்பி மனை போடப் போவதாக அம்மா போனில் சொன்னார். தங்கச்சி கல்யாணம் நெருங்குகிறது. அந்த இடமும் இத்தனை வருஷமாகச் சும்மாதான் கிடக்கிறது. விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: மேற்குச் சுவரில் இருபதடி நீளத்தை மூடாமல் விட்டுவிடுங்கள். காரைக்குடியைச் சுற்றி இதே மாதிரி குழி வைத்திருப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சின்ன வயதில் ஆட்டுக்குட்டி விழுந்தால் தூக்கிவர அந்தக் குழிக்குள் இறங்கியதோடு சரி. படித்து முடித்து, கல் பார்க்க என்று ஊர் ஊராகப் போனேன். இமயமலையில் இருக்கும் ஸ்பிட்டியில் நாலாயிரம் மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்க வாங்க, நாம் சாளக்கிராமம் என்று பூஜையில் வைக்கும் அந்தச் சுருள் உயிரியின் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அது கடலில் வாழ்ந்தது. பரங்கிமலையில் சார்னோகைட் பார்த்தேன். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் சமாதியில் பதித்திருந்தது அந்த வகைக் கல்தான் என்பதால் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அதற்கு சார்னாக்கின் பெயரையே வைத்துவிட்டார்.

என்னை நம் குழிக்குத் திருப்பி அனுப்பியது மலப்புரம் மாவட்டத்து அங்காடிப்புரம். 1800-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அந்தப் பக்கம் பயணம் போனார். தரையிலிருந்து வெட்டும்போது இரும்புக் கருவிக்கு லேசாக மசியும் ஒரு கல், காற்றுப் பட்டதும் செங்கல்லைப் போல இறுகிவிடுவதைக் கவனித்தார். லத்தீனில் செங்கல்லுக்கு 'லாட்டர்'. அதை வைத்து 'லேட்டரைட்' என்று 1807-இல் வெளிவந்த தன் நூலில் பெயர் கொடுத்தார். இன்று அங்காடிப்புரத்தில் அதற்கு நினைவுக்கல் நிற்கிறது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் அது. அங்கே அதை வெட்டுகல் என்கிறார்கள், நாம் செம்புராங்கல் என்கிறோம். வெட்டிய சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு நம் ஊருணிக் கரைதான் கண்ணுக்குள் வந்தது. அதே சிவப்பு, அதே ஓட்டைகள்.

போன தீபாவளிக்கு வந்தபோது விடியற்காலையில் சுத்தியலோடு குழிக்குள் இறங்கினேன். மற்ற மூன்று சுவர்களும் சரிந்து கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. மேற்குச் சுவரில் மட்டும் காலை வெயில் நேராக விழுந்தது. மேலே ஒரு அடிக்குச் சரளை. அதற்குக் கீழே ஆளுயரத்துக்குக் கெட்டிக்கல், புழு துளைத்த பலகை மாதிரி. ஒரு துளையில் சுண்டுவிரலை விட்டேன், மஞ்சள் களிமண் ஒட்டிக்கொண்டு வந்தது. கல் வெட்டியவர்களின் கருவித் தழும்புகள் சாய்வாக, வரிவரியாக அப்படியே இருக்கின்றன. அந்தத் தழும்பின் மேல் சுத்தியலால் தட்டினால் கணீரென்கிறது. இடுப்புக்குக் கீழே சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த மண். அதில் வீட்டுச் சாவியால் கீறினால் சோப்பு மாதிரி வழிந்து வருகிறது. ஒரே சுவர்தான், மூன்றடி இடைவெளியில் இரண்டு குணம்.

காரணம் மழையும் வெயிலும். பல லட்சம் வருஷமாக மழைநீர் இறங்கி இறங்கி மண்ணிலிருந்த சிலிக்காவையும் உப்புகளையும் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. வெட்டித் திறந்துவிட்டால் ஈரம் வற்றி அந்த இரும்பு இறுகிக்கொள்கிறது. தாத்தா காலத்துக் கொத்தனார்கள் வெட்டிய கல்லை வெளியில் ஆறப்போட்டுவிட்டுத்தான் கட்டடத்துக்கு எடுப்பார்கள் என்று அப்பத்தா சொல்வாரே, அது இதற்குத்தான். நம் வீட்டுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்த கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அந்தத் தேக்கைத் தாங்குகிற அஸ்திவாரம் இந்தக் குழியிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். முழங்கால் உயரத்தில், புறாமுட்டை அளவில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் சுவரில் பதிந்திருந்தது. வழவழவென்று உருண்டிருக்கிறது. நம் ஊரில் ஆறே கிடையாது. ஆனால் ஓடும் தண்ணீரில் உருளாமல் ஒரு கல்லுக்கு அந்த வடிவம் வராது. அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய திருமயத்தில் கோட்டைக்கு அடியில் இருப்பது பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவான கெட்டிப்பாறை. அதைக் குடைந்துதான் பள்ளிகொண்ட பெருமாளையே செதுக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாறைகள் உடைந்து, மணலாகவும் கூழாங்கல்லாகவும் தண்ணீரோடு கிழக்கே வந்து படிந்து, அப்புறம் மழையில் ஊறிச் சிவந்ததுதான் நாம் நிற்கும் தரை. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அந்த மணற்கல் குடும்பம்தான் இதுவும். இத்தனையும் வரிசையாகத் தெரிவது அந்த ஒரு சுவரில்தான். ஊருணிக் கரையில் கல் இருக்கிறது, ஆனால் இந்த அடுக்கு இல்லை.

அந்தக் கூழாங்கல்லை நான் எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் அது வெறும் கூழாங்கல்.

மனைக் கணக்கில் உங்களுக்கு என்ன குறையும் என்றும் போட்டுப் பார்த்தேன். இருபதடி நீளம், முன்னால் நின்று பார்க்கப் பத்தடி அகலம்: இருநூறு சதுர அடி, அரை சென்ட்டுக்கும் குறைவு. அதன் விலையை நான் தந்துவிடுகிறேன். பிள்ளைகள் விழாமல் இருக்கக் கம்பிவேலி போடுவதும், மழைத்தண்ணீர் தேங்காமல் ஒரு வாய்க்கால் எடுப்பதும் என் செலவு. சுவர்மேல் சிமெண்ட் பூச மட்டும் யாரையும் விடாதீர்கள், பலமாக இருக்கும் என்று சொன்னாலும்.

பொங்கலுக்கு முந்தின நாளே டேப்போடு வந்துவிடுவேன். ஜேசிபி அதற்கு முன்னால் வந்தால் கிழக்கு ஓரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சின்னம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் அண்ணன் மகள்